கோழித் தீவனத்தில் ஒரு கடல்குதிரை

சின்னமனூரில் முந்நூறு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். தீவனத்தை நானே கலப்பேன். மக்காச்சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு, கூடவே ராமநாதபுரம் பக்கமிருந்து வரும் கருவாட்டுத் தூள். போன மாதம் அரைக்காத கருவாடே ஒரு மூட்டை வந்துவிட்டது. தார்ப்பாயில் கொட்டிக் கிளறினேன். சுண்டுவிரல் நீளக் காரல், நகமளவு நண்டு, கணவாய்க் குஞ்சு; நடுவே வால் சுருண்ட ஒரு கடல்குதிரை. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் எங்கள் மேகமலைப் புலி இருக்கும் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்ட உயிர் அது.

பாம்பன் பக்கம் இந்தக் கலவைக்குச் சங்காயம் என்று பேர். இறாலுக்காகக் கடலடியை வழித்து வரும் இழுவை வலையில் சேர்ந்து வரும் பொடிசுகள். முன்பெல்லாம் இறாலைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைக் கடலிலேயே கொட்டினார்கள். இப்போது அது கோழித் தீவனத்துக்கு விலை போகிறது. விலை போவதால்தான் சிறு கண்ணி வலையை விட மனசு வரமாட்டேன் என்கிறது. அந்தக் காசு எங்களைப் போன்றவர்கள் கொடுப்பது. எங்கள் வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில், பாம்பனை ஒட்டிய அதே பாக் விரிகுடாவில்தான் சேர்கிறது. கடல் எங்களுக்குத் தூரம் என்று நான் இனிச் சொல்ல முடியாது.

வழி இல்லாமல் இல்லை. சாதாரண வலையின் சாய்சதுரக் கண்ணி, இழுக்க இழுக்க நெருங்கி மூடிக்கொள்ளும். வலையின் வால் பகுதியில் சதுரக் கண்ணி வைத்தால் திறந்தே நிற்கும், குஞ்சு தப்பிவிடும். ஆமை முட்டி மேல்வாசல் வழியாக வெளியேற, வலைக்குள் சாய்வாகக் கம்பிச் சட்டம் பொருத்தலாம். கொச்சியின் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இரண்டையும் எப்போதோ செய்து காட்டிவிட்டது. அந்தக் கம்பிச் சட்டம் இல்லாததால்தான் கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்கா 2019-இல் தடுத்தது. அதன் பிறகும், 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கு மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின.

கடனில் ஓடும் படகுக்காரரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. வலை மாற்றும் செலவையும் முதல் வருஷ நஷ்டத்தையும் அரசு ஏற்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை போடுகிறோம்; தடை முடிந்ததும் சிறு கண்ணி வலையே இறங்கினால், அந்த 61 நாளில் வளர்ந்த குஞ்சைத்தான் முதலில் வாருகிறோம். தீவன மூட்டையில் என்ன மீன், எந்தத் துறைமுகம் என்று அச்சிடவும் வேண்டும்.

இந்த மாதம் கருவாட்டை நிறுத்திவிட்டு சோயாப் புண்ணாக்கைக் கூட்டிக் கலந்தேன். செலவு கொஞ்சம் ஏறியிருக்கிறது. முட்டை குறையவில்லை.