கோல்ப் மட்டையின் பிடி: கைக்கேற்றதா, கண்ணுக்கேற்றதா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது எம்மவர் பழமொழி. ஆட்டம் பிழைக்கும்போது கருவியைக் குறை சொல்லலாகாது என்று நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையின் விலையாக, ஏறத்தாழ ஓராண்டு காலம் முழங்கை வலியோடு கோல்ப் ஆடினேன்.

செய்தியறையில் பேனாவையும் பின்னர் விசைப்பலகையையும் பிடித்துத் தேய்ந்த கைக்கு, நாற்பது வயதைக் கடந்தபின் வாய்த்த பொழுதுபோக்கு இது. வைத்தியர் சிறிது காலம் விட்டுவிடச் சொன்னார். ஒரேயடியாக விட்டுவிடுவதென்றே நான் தீர்மானித்திருந்தேன். அவ்வேளையில்தான் நுவரெலியாவில், மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், என் பையைச் சுமந்து வந்த முதியவர் மட்டையொன்றை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "சேர், உங்க கையில பிழையில்ல. ரப்பர்தான் செத்துப்போச்சு" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. மட்டையின் பிடி பெரும்பாலும் இறப்பராலானது. வியர்வையும் கையின் எண்ணெய்ப் பசையும் வெயிலும் சேர்ந்து காலப்போக்கில் அதை இறுக்கி, வழுவழுப்பாக்கிவிடுகின்றன. பிடி வழுக்கும்போது கை தன்னையறியாமலே இறுகப் பற்றுகிறது. அந்த இறுக்கம் மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் ஏறி, முழங்கையில் போய் நிற்கிறது. ஆண்டுக்கொரு தடவை அல்லது நாற்பது ஆட்டங்களுக்கொரு தடவை பிடியை மாற்றும்படி பொதுவாகக் கூறுவர். நான் ஆறு ஆண்டுகளாக மாற்றியிருக்கவில்லை.

கொழும்பு திரும்பியதும் கடையொன்றுக்கு ஓடினேன். அங்கிருந்த இளைஞர் என் கையைப் பார்க்கவேயில்லை. "சம்பியன்கள் இதைத்தான் பாவிக்கிறார்கள்" என்று தடித்த பிடிகளை எடுத்துக் காட்டினார். நிறமும் அழகாக இருந்தது, வாங்கினேன். அடுத்த வாரம் முழுவதும் பந்து வலப்பக்கமாகவே விலகி ஓடியது. மறுபடியும் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று. கடைக்காரரை மட்டும் குறைகூறி என்ன பயன்? கேட்க வேண்டியதைக் கேட்காமல் வாங்கியவன் நான்.

கேட்க வேண்டியவை மூன்றுதான். முதலாவது, கையின் அளவு. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை ஏறத்தாழ 7 முதல் 8.75 அங்குலம் இருந்தால் சாதாரண அளவு பொருந்தும். இதைவிட நம்பகமான சோதனை ஒன்றுண்டு. வலக்கை ஆட்டக்காரர் இடக்கையால் மட்டையைப் பிடிக்கும்போது, நடுவிரலும் மோதிரவிரலும் கட்டைவிரலின் அடிச்சதையை மெல்லத் தொட வேண்டும். நகம் சதையில் அழுந்தினால் பிடி மெல்லியது. இடைவெளி தெரிந்தால் தடித்தது. மெல்லிய பிடி மணிக்கட்டை அதிகம் சுழலவிட்டுப் பந்தை இடப்பக்கம் இழுக்கும் என்றும், தடித்த பிடி அச்சுழற்சியைத் தடுத்து வலப்பக்கம் விலக்கும் என்றும் கூறுவர். எல்லோருக்கும் அப்படியே நேர்வதில்லை, எனக்கு நேர்ந்தது. சாதாரண அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வேறுபாடு 1/16 அங்குலம் மாத்திரமே. அவ்வளவும் வேண்டாதவர்கள் பிடியின் அடியில் ஒட்டுநாடாவை மேலதிகமாக ஒரு சுற்று சுற்றினாலே போதும்.

இரண்டாவது, காலநிலை. கொழும்பின் புழுக்கத்தில் கை நனைந்துகொண்டேயிருக்கும். அங்கு பருத்தி நூல் கலந்த சொரசொரப்பான பிடி நன்றாக நிற்கும். குளிர்ந்த நுவரெலியாவில் அதே பிடி கையை உரசி நோகச் செய்யும். இரண்டுக்கும் இடைப்பட்டதாக, மேற்பாதியில் நூலும் கீழ்ப்பாதியில் வெறும் இறப்பருமாக அமைந்தவையும் உண்டு.

மூன்றாவது, வயது. இதைத்தான் எம்மில் பலர் ஒப்புக்கொள்வதில்லை. மூட்டுவலியும் விரல் விறைப்பும் உள்ளவர்களுக்குச் சற்றே தடித்த, மென்மையான பிடி பேருதவியாகும். இருபத்தைந்து வயது வீரரின் பிடி ஐம்பத்தைந்து வயதுக் கைக்கு எதற்கு?

விதியும் ஒன்றுண்டு. பந்தைக் குழிக்குள் உருட்டும் 'பற்றர்' மட்டையின் பிடி தட்டையாக இருக்கலாம். ஏனைய மட்டைகளின் பிடி வட்டமாகவே இருக்க வேண்டும். நீளவாக்கில் மெல்லிய நேர்வரம்பு ஒன்று மட்டும் அனுமதிக்கப்படும். கை எப்போதும் ஒரே இடத்தில் அமைய அவ்வரம்பு உதவுவதால், புதியவர்களுக்கு அதையே சிபாரிசு செய்வேன்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து இதனை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மட்டைத் தொகுதி மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் புதிய பிடிகளின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். பிடி மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். பழையதை வெட்டியகற்றி, இரட்டைப்பக்க ஒட்டுநாடாவைச் சுற்றி, கரைப்பான் திரவத்தால் நனைத்துப் புதியதைச் செருகி, நேராக்கிக் காயவிடலாம். பின்னர் அவ்வப்போது இளஞ்சூட்டு நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவித் துடைத்தால் நீடித்துழைக்கும்.

பெருந்தொகை கொடுத்துப் புதிய மட்டை வாங்குவதைப் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால், எமது உடல் மட்டையைத் தொடும் ஒரேயிடம் பிடிதான். அதற்குச் செலவிடும் சிறுதொகையில்தான் எமக்குக் கஞ்சத்தனம் வருகிறது.

என் முழங்கை இப்போது நோவதில்லை. ஆட்டம் பெரிதாகத் திருந்திவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் விட்டுவிடவிருந்த ஒன்றை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன். வருடக்கணக்காகப் பிறர் மட்டைகளைச் சுமந்து நடந்த ஒருவர், ஒரே தடவலில் கண்டுபிடித்த குறை அது. அதுவரை அவரிடம் எவரும் அபிப்பிராயம் கேட்டதில்லையாம். நானும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். சில வேளைகளில் கூடமும் கோணலாகத்தான் இருக்கிறது. அதனைக் கண்டறிய, அங்கே அன்றாடம் நடமாடுபவரைக் கேட்க வேண்டும்.