குடும்பத்தைப் படிக்க ஒரு பிஎச்.டி.



கோவை அவினாசிலிங்கத்திலோ வேறு கல்லூரியிலோ மனையியலில் எம்.எஸ்சி. முடித்த பெண், “அமெரிக்காவில் ஃபேமிலி ஸ்டடீஸில் பிஎச்.டி. பண்ணப்போறேன்” என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் என்ன சொல்வோம்? “குடும்பத்தைப் பத்திப் படிக்கவா அவ்வளவு தூரம்?” கம்ப்யூட்டர் படிப்பென்றால் இந்தக் கேள்வி எழுமா?

மினசோட்டா, பென் ஸ்டேட் போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் குடும்பத்தைப் பற்றிய படிப்பு தனித் துறை. மினசோட்டாவில் பேராசிரியராக இருந்த பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தார். ஆள் வரவில்லை, இறந்தார் என்ற சேதியும் இல்லை. அந்த வீட்டில் யார் முடிவெடுப்பது? பிள்ளைகளிடம் என்ன சொல்வது? இதைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்றார் அவர். மறதிநோய் வந்த பெரியவர் இருக்கும் வீட்டிலும் இதே துயரம்தான்: ஆள் எதிரே இருக்கிறார், நம்மை அடையாளம் தெரியவில்லை.

இலங்கையில் காணாமல்போன பிள்ளைகளின் படத்தோடு, 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் உட்கார்ந்த தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். அப்பா வளைகுடாவில், அம்மாவும் பிள்ளைகளும் ஊரில் என்று வருடக்கணக்காக ஓடும் நம் வீடுகளையும்தான். இவற்றையெல்லாம் உள்ளிருந்து தெரிந்தவர்கள் ஆராய வேண்டாமா? இந்தத் துறையின் கோட்பாடுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்து உருவானவை. மாமியாரும் சித்தியும் சேர்ந்து பிள்ளை வளர்க்கும் வீட்டிலிருந்து போகிறவள் அங்கே கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

ஆகவே “எதுக்கு?” என்பதை விட்டுவிட்டு, “பணம் எப்படி?” என்று கேளுங்கள். ரிசர்ச் அல்லது டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப் கிடைத்தால் டியூஷன் கட்டணம் பெரும்பாலும் தள்ளுபடியாகும். மாதாமாதம் உதவித்தொகையும் வரும். பல்கலைக்கழகம் அனுப்பும் நிதி உதவிக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். எத்தனை வருடத்துக்கு? ஒன்பது மாதத்துக்கு மட்டும் என்றால் கோடை விடுமுறைச் செலவுக்கு என்ன வழி? மற்ற ஃபீஸ், மருத்துவ இன்ஷூரன்ஸ் யார் கட்டுவது? எஃப்-1 மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் மாதங்களில் வளாகத்துக்குள்ளேயே வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது; வளாகத்துக்கு வெளியே என்றால் தனி அனுமதி வேண்டும். உதவித்தொகை இல்லாமல், வீட்டை அடமானம் வைத்து இந்தப் படிப்புக்கு அனுப்பாதீர்கள் என்பதே என் அழுத்தமான கருத்து.

இன்னொன்று: குடும்ப ஆலோசகராகப் பணிபுரியும் ஆசை இருந்தால் அதற்கு மேரேஜ் அண்ட் ஃபேமிலி தெரபி என்ற பிரிவு தனியாக இருக்கிறது. அதற்குப் பயிற்சி நேரமும் மாநில லைசென்ஸும் வேண்டும். எது வேண்டும் என்று முதலிலேயே தெளிவாகிவிடட்டும்.

அடுத்து நம் வீடுகளின் வழக்கமான நிபந்தனை: “கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போ.” துணையாகப் போகிறவருக்கு எஃப்-2 விசா. அதில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. இங்கே நல்ல வேலையில் இருக்கும் மாப்பிள்ளை அங்கே நான்கைந்து வருடம் சம்பளமில்லாமல் இருக்க வேண்டும். இருவருக்கும் அந்த ஒரே உதவித்தொகை. குழந்தையும் வந்தால் காப்பகச் செலவு வேறு. இதைப் பெண் பார்க்க வரும்போதே பேசிவிட்டால் என்ன? மகன் படிக்கப் போய், மருமகள் வேலையை விட்டுவிட்டு உடன் போகும்போதும் இதே கணக்குதான். அவள் விடுகிற சம்பளத்தை மட்டும் நாம் ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை?

பல துறைகளுக்கு விண்ணப்பக் கெடு டிசம்பரிலேயே முடிந்துவிடும். யாருடைய ஆய்வு பிடித்திருக்கிறதோ அந்தப் பேராசிரியருக்கு அதற்குச் சில மாதம் முன்பே மெயில் எழுதச் சொல்லுங்கள். நிதி உதவியோடு இடம் கிடைத்தால் பதில் சொல்லப் பெரும்பாலும் ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச அது போதும்.

அன்புடன்,
ஆசிரியர்