செய்திக்குறிப்பில் வரும் வாடிக்கையாளர்

பெருநிறுவனம் ஒன்று தன் பொருளை ஒரு மொழியில் வெளியிடவில்லை என்றால், அம்மொழி பேசுவோர் போதிய அளவில் இல்லை என்பதே காரணம் என எளிதாக நம்பிவிடுகிறோம். எங்கள் துறைக் கருத்தரங்குகளிலும் இவ்வாதம் கேள்வியின்றி ஏற்கப்படுகிறது. தலைக்கணக்குக்கு இதில் அத்தனை பெரிய இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அமேசானின் நடைமுறை பலரும் அறிந்ததே. புதிய பொருளை முன்மொழியும் குழு, அது உருவாகி விற்பனைக்கு வந்துவிட்டதாகவே பாவித்து, அதற்கான செய்திக்குறிப்பை முதலில் எழுத வேண்டும். எழக்கூடிய கேள்விகளும் விடைகளும் உடன் இணைக்கப்படும். கூட்டத்தில் அதை மௌனமாக வாசித்த பின்னரே விவாதம் தொடங்கும். நல்ல முறைதான். ஆயினும் 2014இல் ஃபயர் ஃபோனால் 17 கோடி டாலரை நட்டக்கணக்கில் எழுதியதும் இதே நிறுவனம்தான்.

மொழியியல் பயின்றவரின் கண்ணில் முதலில் படுவது அக்குறிப்பில் வரும் வாடிக்கையாளர். அவர் ஒரு கற்பனைப் பாத்திரம். அவர் எம்மொழியில் வாசிக்கிறார், எவ்வெழுத்தில் தட்டச்சு செய்கிறார் என்பதை எழுதுபவரே தீர்மானிக்கிறார். தீர்மானிக்கிறோம் என்ற உணர்வு கூட அவருக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை.

கிண்டில் 2007 நவம்பரில் அமெரிக்காவில் வெளியானது; இந்தியாவுக்கு 2012இல் வந்தது. இந்திய மொழி நூல்களுக்கு 2016 டிசம்பரில் இடம் கிடைத்தபோது இந்தி, தமிழ், மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளே அதில் இருந்தன. அதன்பின் தமிழில் தாமே நூல் வெளியிடுவோர் பெருகியதை நாம் கண்டோம். எனக்கு அதில் மகிழ்ச்சியே. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி வங்காளம் 9.72 கோடிப் பேரின் தாய்மொழி, தெலுங்கு 8.11 கோடிப் பேரின் தாய்மொழி. இரண்டும் அப்பட்டியலில் இல்லை, 3.48 கோடிப் பேரின் மலையாளம் இருந்தது. வாசிப்புப் பழக்கமே அளவுகோல் என்பீர்களாயின், கொல்கத்தாவின் புத்தகக் கண்காட்சியை ஒருமுறை பார்த்தவர் எவரும் அதை ஏற்கமாட்டார்.

கூகுள் மொழிபெயர்ப்பு இதைவிடத் தெளிவான சான்று. சமஸ்கிருதத்தைத் தாய்மொழியாகப் பதிவு செய்தோர் 24,821 பேர். அது 2022 மே மாதத்தில் சேர்ந்தது. சுமார் 74 லட்சம் பேரின் சந்தாலி 2024 ஜூன் வரை காத்திருந்தது. சமஸ்கிருதத்தின்மீது எனக்குப் பகையில்லை. 2022இல் சேர்க்கப்பட்ட மொழிகளை அந்நிறுவனத்தின் கணினி, இணைமொழிபெயர்ப்புகள் இன்றி, அந்தந்த மொழியின் எழுத்துப் பனுவல்களை மட்டும் கொண்டே கற்றது. பேசுவோர் குறைவாயினும் ஏட்டில் நிறைந்த மொழிக்கு அங்கே வாசல் திறக்கிறது. கோடி நாவுகளில் வாழ்ந்தும் அச்சேறாத மொழிக்குத் திறப்பதில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் பீலி, 2024இல் சேர்ந்த 110 மொழிகளிலும் இல்லை.

நடுவண் அரசின் பழங்குடியினர் நல அமைச்சகம் 2025 செப்டம்பரில் ‘ஆதி வாணி’ என்னும் மொழிபெயர்ப்புச் செயலியின் சோதனைப் பதிப்பை வெளியிட்டது. அதன் முதல் நான்கு மொழிகளுள் பீலி ஒன்று. செயலியின் தரம் தனியே விவாதிக்க வேண்டியது. இங்கே நான் கவனிப்பது தேர்வை மட்டுமே: பயனாளர் என்று வேறொருவரை எண்ணித் தொடங்கியதால் பட்டியலும் வேறாக அமைந்தது.

பேச்சுத் தரவு திரட்டக் களத்துக்குச் செல்லும் நம்மைப் போன்றோருக்கு இதில் நேரடிப் பங்குண்டு. நாம் பதிவு செய்து, எழுத்தாக்கித் தரும் ஒவ்வொரு மணிநேரமும் நாளை ஏதோ ஒரு நிறுவனத்தின் பொருளில் கலக்கும். அம்மொழியிலும் அப்பொருள் வெளியாகும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதாமல் அத்தரவைக் கைமாற்ற நம் பல்கலைக்கழகங்கள் இனி இசையக் கூடாது.