மாலைநேர, கோடைக்காலக் கற்றல் மையங்கள் தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கிராமப்புற மாலைநேரக் கற்றல் மையங்களை நடத்தும் தன்னார்வ அமைப்புகளின் கூட்டமைப்பு,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: அரசுப் பள்ளிகளையும் ஊராட்சி நூலகங்களையும் மாலை நேரத்திலும் கோடை விடுமுறையிலும் கற்றல் மையங்களுக்குத் திறந்துவிடவும், கோடை முகாமில் மதிய உணவுக்கு வழிசெய்யவும் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பகுதிக் கிராமங்களில் 4 முதல் 9ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் ஏதுமின்றி மாலை வகுப்புகளும், மே மாதத்தில் கோடை முகாம்களும் நடத்திவருகிறோம். வாசிப்பு, கணக்கு, சிறு அறிவியல் சோதனைகள், நாடகம், கேரம் என்று எல்லாம் உண்டு. டியூஷன் சென்டர் என்று எங்களைச் சிலர் நினைக்கிறார்கள். ஒரு மாலை நேரில் வந்து பார்த்தால் அந்த ஐயம் தீரும்.

பள்ளி மணி நான்கு மணிக்குச் சற்றுப் பின் அடித்துவிடுகிறது. கூலி வேலைக்குப் போன பெற்றோர் வீடு திரும்ப ஏழு, ஏழரை ஆகிறது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனவர்களின் பிள்ளைகளுக்குப் பாட்டி தாத்தாதான் துணை. இந்த மூன்று மணி நேரமும் கோடை விடுமுறையும் எந்தத் துறையின் பொறுப்பிலும் இல்லை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயது நிரம்பாதவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று கறாராகச் சொன்னது. ஆனால் பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கும் தந்தது. நாங்கள் மையம் நடத்துவது சரியாக அந்த விலக்கு பெற்ற நேரத்தில்தான்.

அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதற்குப் புளியே சாட்சி. மாசி பிறந்ததும் வியாபாரிகள் மூட்டை மூட்டையாகப் புளியை வீடுகளில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி. திண்ணையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறாம் வகுப்புப் பெண்ணும் கல்லில் வைத்துத் தட்டுகிறாள். விரல் நுனி கறுத்து வெடித்து, மறுநாள் பேனா பிடித்தால் எரிகிறது என்கிறாள். கேட்க வரும் அதிகாரிக்கு "வீட்டு வேலைதானே சார்" என்ற பதில் தயாராக இருக்கிறது. அந்தத் தாயைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனமில்லை. அந்தப் பெண் எழுந்து போய் உட்கார ஓர் இடம் வேண்டும் என்கிறோம்.

ஆகவே எங்கள் தலையாய கோரிக்கை சாவி பற்றியது. எங்கள் மையங்களில் பல, கோயில் மண்டபத்திலும் யாராவது ஒருவர் வீட்டு வாசலிலும் நடக்கின்றன. திருவிழா என்றால் வகுப்பு இல்லை, மழை என்றால் இல்லை, ஊரில் சாவு விழுந்தாலும் இல்லை. மண்டபத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஏறிவிட முடிவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். கூப்பிடு தூரத்தில் அரசுப் பள்ளி பூட்டிக் கிடக்கிறது, அதன் கழிப்பறையும்தான். ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண்கள் திடீரென்று வராமல் நின்றுவிடும்போது வீடு தேடிப் போய் விசாரித்தால், பேச்சு பெரும்பாலும் கழிப்பறையில்தான் வந்து நிற்கிறது.

அனுமதி கிடைப்பதே இல்லை என்று சொல்ல மாட்டோம். மனமுள்ள தலைமையாசிரியர் இருக்கும்வரை கிடைக்கிறது; அவர் மாறுதலில் போனதும் பழையபடி ஆகிறது. ஓர் ஊரில் கோடை முகாமுக்கு மார்ச் மாதமே விண்ணப்பித்தோம். கோப்பு மேலும் கீழும் நடந்து அனுமதிக் கடிதம் கைக்கு வந்த வாரம் பள்ளி திறந்துவிட்டது. தலைமையாசிரியர்களின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பெஞ்சு உடைந்தாலும் பிள்ளைக்கு அடிபட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. எனவே பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தின்பேரில், கோடை விடுமுறை உட்பட ஓராண்டு முழுவதற்கும் செல்லத்தக்க ஒரே அனுமதியை முதன்மைக் கல்வி அலுவலர் வழியாக வழங்க ஆணையிடுமாறு வேண்டுகிறோம். இரண்டு வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், விளக்கு போதும். சேதத்துக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்கிறோம். மின் கட்டணத்தில் எங்கள் பங்கையும் கட்டுகிறோம்.

ஊராட்சி நூலகங்களின் நிலையும் இதுவே. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் கட்டப்பட்டவை அவை. சிலவற்றில் இன்று பிளீச்சிங் பவுடர் மூட்டையும் பழுதான தெருவிளக்குகளும்தான் இருக்கின்றன. வீட்டுவரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் கட்டுகிற மக்களின் பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் வந்துவிட்டதால், இவற்றைத் திறக்கத் தங்களின் ஒரு சுற்றறிக்கை போதும்.

அடுத்தது கோடைப் பசி. காலை உணவும் சத்துணவும் ஆண்டுத் தேர்வோடு நின்றுவிடுகின்றன. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் விடுமுறை நாட்களை விலக்கியே மதிய உணவைப் பேசுகிறது என்பதை அறிவோம். ஆனால் வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. வறட்சி அறிவிக்கப்படும் ஆண்டுகளில் அந்த ஆணையை இம்மாவட்டத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும். மற்ற ஆண்டுகளில் முகாம் நடக்கும் பள்ளியின் சத்துணவுக் கூடத்தையும் பாத்திரங்களையும் பயன்படுத்த விட்டால்கூடப் போதும். அரிசி பருப்பை ஊரார் தந்துவிடுகிறார்கள்.

எங்கள் தன்னார்வலர்களைப் பற்றியும் ஒரு சொல். 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், ஊர்ப் பெண்ணே ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர முடியும் என்று காட்டியது. அதில் பயிற்சி பெற்ற பலர் இன்று எங்களோடு இருக்கிறார்கள். வட்டார வள மையப் பயிற்சிகளில் இவர்களுக்கும் இடம் தர வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் மூலம் போக்சோ சட்டம் பற்றிய பயிற்சியும், கட்டணமில்லாத காவல்துறைச் சரிபார்ப்பும் வேண்டும். எங்கள் மையங்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆய்வு செய்யுங்கள் என்பதையும் கோரிக்கையாகவே வைக்கிறோம். யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக் குழந்தைகளைக் கூட்டி வைக்கலாம் என்ற நிலைமை எங்களுக்கே உவப்பானதில்லை.

மாணவர் பயண அட்டை கோடையில் செல்லாது. நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. விளைவு, அக்கா முகாமுக்கு வருகிறாள், தம்பி ஊரிலேயே நின்றுவிடுகிறான். முகாம் நாட்களுக்கு அட்டையை நீட்டித்துத் தர வேண்டும். கேழ்வரகு அறுவடைக் காலத்தில் காட்டோரக் கிராமங்களில் யானை நடமாட்டம் பற்றி வனத்துறை விடுக்கும் எச்சரிக்கை எங்கள் மையப் பொறுப்பாளர்களுக்கும் வந்து சேர வேண்டும். பிள்ளைகள் வீடு திரும்பும் தெருக்களில் விளக்கு எரிய வேண்டும்.

நிதியைக் கடைசியில் வைத்திருக்கிறோம். நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடும்போது தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். ஆலைகள் குறைந்த மாவட்டத்துக்கு இதனால் பங்கு சுருங்குகிறது. ஓசூர் போன்ற அண்டைத் தொழில் நகரங்களின் நிறுவனங்களோடு எங்களை ஒரே மேசையில் உட்காரவைக்கத் தங்கள் அலுவலகத்தால் முடியும்.

மேற்கண்டவை குறித்துப் பேச, கல்வி, ஊரக வளர்ச்சி, நூலகம், சத்துணவு, போக்குவரத்து, வனம் ஆகிய துறை அலுவலர்களோடு ஜனவரி மாதத்துக்குள் ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்துத் தருமாறும், பள்ளிக் கட்டட அனுமதி பற்றிய முடிவை மட்டுமாவது பிப்ரவரி இறுதிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதற்குப் பிறகு வரும் ஆணை இந்தக் கோடைக்கு உதவாது.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், திட்ட இயக்குநர், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை, மாவட்ட நூலக அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்.