முகம் யாருக்கு? இலக்கம் யாருக்கு?

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. லண்டனுக்கு வெளியே ஏதோ ஒரு நகரம். அந்த ஊர் வங்கி முதலாளி நாற்காலியில் உட்கார்கிறான். ஓவியன் வரைகிறான். பழுப்புத் தாளில் கறுப்புச் சுண்ணக்கட்டியால் கண், புருவம். சிவப்புக் கட்டியால் கன்னம், உதடு. வெள்ளைக் கட்டியால் நெற்றியில் ஒளி. எண்ணெய் வண்ணம் போலக் காயும்வரை காத்திருக்க வேண்டாம், செலவும் கம்மி. பிரபுக்களுக்கு மட்டுமே இருந்த 'முகம்' புதுப்பணக்காரனுக்கும் கிடைத்துவிட்டது. இன்றைக்கு இப்படிப்பட்ட படங்களைக் கண்ணாடிக்குள் மாட்டி, 'என்ன மென்மை!' என்று உருகுகிறார்கள்.

நாம் கேட்பது ஒன்றுதான்: உட்கார்ந்தவனுக்குப் பணம் எங்கேருந்து வந்தது?

லிவர்பூலைப் பாருங்கள், தோழர்களே. ஹேவுட் சகோதரர்கள் அடிமை வணிகத்தில் சம்பாதித்தவர்கள். 1773இல் வங்கி தொடங்கினார்கள். அது கைமாறிக் கைமாறி 1969இல் பார்க்லேஸில் போய்ச் சேர்ந்தது. வில்லியம் கிரெக்சன் அடிமைக் கப்பல் முதலாளி, 1762இல் மேயர், வங்கியாளன். மூன்றும் ஒரே ஆள்தான்! 1781இல் இவனும் கூட்டாளிகளும் வைத்திருந்த 'சோங்' கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். தண்ணி பத்தலையாம். அப்புறம் தலைக்கு 30 பவுன் இன்சூரன்ஸ் கேட்டார்கள். 1783இல் நீதிமன்றத்தில் நடந்தது கொலை வழக்கல்ல, இன்சூரன்ஸ் வழக்கு. கொலைக்காக ஒருத்தன்கூடக் கூண்டில் ஏறவில்லை.

'எல்லா வங்கிக்காரனுமா கப்பல் விட்டான்?' என்பார்கள். விட வேண்டாமய்யா. மேற்கிந்தியத் தீவுகளில் மனிதர்களை விற்றவனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ரொக்கமல்ல, மாதங்கள், வருடங்கள் கழித்துப் பணமாகும் உண்டியல். கழிவு பிடித்துக்கொண்டு அதை முன்கூட்டியே காசாக்கிக் கொடுத்தது வங்கி. அங்கே சிந்திய ரத்தம் இவன் மேசைக்கு வரும்போது வெறும் காகிதம். முகம் சாந்தமாக இருக்காதா பின்னே?

1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். இழப்பீடு 2 கோடி பவுன். யாருக்கு? ஆண்டைகளுக்கு! அடிமைக்குச் சல்லிக்காசு இல்லை. அதற்காக அரசு வாங்கிய கடன் 2015இல்தான் தீர்ந்தது. அடிமைகளின் வாரிசுகள் கட்டிய வரியும் அதில் சேர்த்தி. அந்த இழப்பீடு மொரீஷியஸ் கரும்புத்தோட்ட முதலாளிகளுக்கும் போயிற்று. விடுதலையானவர்களின் இடத்தை நிரப்ப அங்கே ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் நம் சேரி சனங்களும் உண்டு. அதனால் இது நமக்கு அந்நியக் கதை அல்ல.

படத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. பக்கத்திலேயே அடிமைக் கப்பலின் கணக்கேட்டையும் மாட்டு என்கிறோம். ஒரு பக்கம், காசு கொடுத்து முகம் வாங்கியவன். மறுபக்கம், பேர்கூட எழுதப்படாமல் ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று இலக்கமாக்கப்பட்டவர்கள்.

ரெண்டையும் சேர்த்துப் பார். அப்புறம் பேசு உன் அழகியலை.