அளக்கும் மரக்கால் யார் கையில்?

ஆண்டுதோறும் தை, மாசித் திங்களிலே ஒரு பட்டியல் வெளிவருகிறது. உலக நாடுகளையெல்லாம் வரிசையில் நிறுத்தி, எந்த நாட்டு ஆட்சியிலே ஊழல் குறைவு, எந்த நாட்டு ஆட்சியிலே ஊழல் மிகுதி என்று மதிப்பெண் இட்டுக் காட்டும் பட்டியல் அது. அதன் அடிவரிசையைச் சுட்டிக்காட்டி, "ஆப்பிரிக்கா என்றாலே ஊழல்தான், ஆளத் தெரியாதவர் கையில் ஆட்சி போனால் வேறென்ன நடக்கும்?" என்று ஏளனம் பேசுவோர் உளர். அந்த மக்களை அடிமைப்படுத்தி ஆண்ட காலத்திலே ஒலித்த அதே குரல்தான் இன்று புள்ளிவிவரப் போர்வை போர்த்திக்கொண்டு வருகிறது.

தோழர்களே! பட்டியலைக் கிழித்தெறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. களத்துமேட்டிலே நெல் அளக்கும்போது உழவன் முதலில் எதைப் பார்க்கிறான்? மரக்காலைப் பார்க்கிறான்! அது நல்ல மரக்காலா, கள்ள மரக்காலா, அதைப் பிடித்திருப்பது யார் கை என்று பார்த்த பிறகே அளவை ஒப்புக்கொள்கிறான். ஒரு கண்டத்தின் நேர்மையை அளக்கும்போதும் அந்தக் கேள்வியைக் கேட்டே தீர வேண்டும்.

பெர்லின் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்னும் அமைப்பு 1995ஆம் ஆண்டு முதல் இந்தப் பட்டியலை வெளியிட்டு வருகிறது. ஊழல் மலிந்து கிடந்தால் 0. அப்பழுக்கற்ற ஆட்சி என்றால் 100. 2024ஆம் ஆண்டுக்கான பட்டியலில் உலகச் சராசரி 43. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளின் சராசரி 33. சோமாலியாவுக்கு 9, தெற்கு சூடானுக்கு 8. இவ்வளவைத்தான் ஏளனக்காரர் எடுத்துக் காட்டுவர். அதே பட்டியலில் சீஷெல்ஸ் தீவுகளுக்கு 72, கேப் வெர்டேவுக்கு 62, போட்ஸ்வானாவுக்கு 57 என்று இருப்பதை மறைத்துவிடுவர். ஸ்பெயினுக்குக் கிடைத்தது 56. இத்தாலிக்குக் கிடைத்தது 54. 1966இல் விடுதலை பெற்றபோது வறுமையைத் தவிர வேறு சொத்தில்லாதிருந்த போட்ஸ்வானா, ஐரோப்பாவின் பழம்பெரும் நாடுகள் இரண்டை முந்தி நிற்கிறது! ஊழல் தோலின் நிறத்தைப் பார்த்து வருவதன்று என்பதற்கு அவர்களுடைய மரக்காலே சான்று.

இனி, அந்த மரக்காலின் உட்புறத்தைப் பார்ப்போம். அது அளப்பது என்ன? வல்லுநர்களும் வணிகர்களும் ஒரு நாட்டைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணத்தை! மருந்துக்காக மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் தாயை அது கேட்பதில்லை. எத்தனை டாலர் களவு போயிற்று என்று எண்ணுவதுமில்லை. வாங்குகிற கையைக் காட்டுகிறது. கொடுக்கிற கையையும், வாங்கியதைப் பூட்டி வைக்கிற பெட்டகத்தையும் காட்டாமல் விடுகிறது.

சான்று வேண்டுமா? நைஜீரியாவை 1993 முதல் 1998 வரை ஆண்ட படைத்தலைவர் சானி அபாச்சா, நாட்டின் கருவூலத்தையே சூறையாடினார். அந்தப் பணம் நைஜீரியாவின் மண்ணுக்குள்ளா புதைந்து கிடந்தது? ஐரோப்பாவின் வங்கிகளிலே பத்திரமாக வளர்ந்துகொண்டிருந்தது. அபாச்சா மாண்ட பிறகு, ஆண்டுக்கணக்கில் வழக்காடி, சுவிட்சர்லாந்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 100 கோடி டாலரை நைஜீரியா மீட்டது. அந்தச் சுவிட்சர்லாந்துக்கு 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் 81 மதிப்பெண். உலகில் ஐந்தாம் இடம்! களவாடியவன் ஊருக்குக் கெட்ட பெயர். களவுப் பொருளைக் காத்துக் கொடுத்தவன் ஊருக்கு நற்சான்றிதழ்!

ஆப்பிரிக்க ஒன்றியமும் ஐ.நா.வின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையமும், தென் ஆப்பிரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தாபோ இம்பெக்கி தலைமையில் அமைத்த குழு, 2015இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஆண்டொன்றுக்கு 5,000 கோடி டாலருக்கு மேல் கள்ள வழியாக அந்தக் கண்டத்தை விட்டு வெளியேறுகிறது என்றது அறிக்கை. அதிலே பெரும்பங்கு, விலையைத் திரித்தும் வரியை ஏய்த்தும் வணிக நிறுவனங்கள் கொண்டுபோவது. அதிகாரிகளின் இலஞ்சப் பணம் அதிலே சிறுபங்கே என்பதையும் அது எடுத்துரைத்தது.

இருக்கட்டும். அயலான் குற்றத்தை எடுத்துக் காட்டுவதால் உள்ளூர்க் கள்வன் உத்தமனாகிவிட மாட்டான். "ஏகாதிபத்தியத்தின் சதி" என்று கூவிக்கொண்டே தம் மக்களின் சோற்றில் மண் போட்ட தலைவர்களை ஆப்பிரிக்கா கண்டிருக்கிறது. விடுதலைப் போரிலே சிந்திய குருதியைக் காட்டிக் கருவூலத்தின் திறவுகோலைக் கேட்பவர்களுக்கு நாம் பரிந்து பேச முடியாது.

மொசாம்பிக்கின் தலைநகர் மபூட்டோவின் கதையைக் கேளுங்கள். 2003 சூலை 11ஆம் நாள், ஊழலை ஒழிப்பதற்கான ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உடன்படிக்கை அந்நகரிலேதான் ஏற்கப்பட்டது. 2006இல் நடைமுறைக்கு வந்தது. 40க்கு மேற்பட்ட நாடுகள் அதை ஏற்று உறுதி செய்துள்ளன. அந்த நாளே ஆப்பிரிக்க ஊழல் எதிர்ப்பு நாளாகவும் கொண்டாடப்படுகிறது. ஆனால், உடன்படிக்கை பிறந்து பத்தாண்டு கழிந்து, 2013, 2014ஆம் ஆண்டுகளில், அதே நாட்டின் ஆட்சியாளர்கள் மீன்பிடிக் கப்பல், கடலோரக் காவல் என்று பெயர் சொல்லி ஏறத்தாழ 200 கோடி டாலர் கடனுக்கு அரசின் பெயரால் பிணை கொடுத்தனர். நாடாளுமன்றத்துக்குத் தெரியாமலே கொடுத்தனர்! 2016இல் உண்மை வெளிப்பட்டது. வெளிநாட்டு உதவி நின்றது, நாணயத்தின் மதிப்பு சரிந்தது, விலைவாசி ஏறிற்று. கடனை வாங்கியவர் சிலர். தண்டனையைச் சுமந்தவர் ஏழை மக்கள். கடன் கொடுத்த கிரெடிட் சுவிஸ் வங்கி, 2021இல் அமெரிக்க, பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குக் கோடிக்கணக்கான டாலர் தண்டம் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. அன்று நிதியமைச்சராயிருந்த மானுவேல் சாங், 2024இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றார்.

உடன்படிக்கையில் எத்தனை நாடுகள் கையெழுத்திட்டன என்று எண்ணுவதும் போதாது என்பதற்கு இந்தக் கதை போதும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

அப்படியானால் முன்னேற்றத்தை அளப்பது எதைக்கொண்டு? ஆப்பிரிக்க மண்ணிலேயே அதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதல் விடை லெசோத்தோ. நாற்புறமும் தென் ஆப்பிரிக்கா சூழ்ந்த, ஏறத்தாழ இருபது இலட்சம் மக்கள் வாழும் சிறிய மலைநாடு. அதன் ஆற்று நீரை அணை கட்டித் தென் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசெல்லும் பெருந்திட்டத்திலே, திட்டத் தலைமை அதிகாரிக்கு அயல்நாட்டு நிறுவனங்கள் சுவிஸ் வங்கி வழியாக இலஞ்சம் கொடுத்தன. 2002இல் அந்த அதிகாரி சிறை சென்றார். லெசோத்தோ அத்தோடு நிற்கவில்லை! கொடுத்தவனையும் கூண்டில் ஏற்றியது. கனடா நாட்டின் ஏக்கர்ஸ் நிறுவனம் 2002இலும், ஜெர்மனியின் லாமையர் நிறுவனம் 2003இலும் தண்டிக்கப்பட்டன. அதன் பிறகே, 2004இல், உலக வங்கி ஏக்கர்ஸ் நிறுவனத்துக்குத் தன் ஒப்பந்தங்களில் மூன்றாண்டுத் தடை விதித்தது. ஏழை நாட்டின் நீதிமன்றம் வழிகாட்ட, பணக்கார வங்கி பின்தொடர்ந்த காட்சி அது!

இரண்டாம் விடை உகாண்டா. பள்ளிகளின் செலவுக்கென்று மாணவர் எண்ணிக்கைப்படி அரசு ஒதுக்கிய பணம் என்னவாகிறது என்று, 250 தொடக்கப் பள்ளிகளுக்கு ஆய்வாளர்கள் நேரில் சென்று கணக்கெடுத்தனர். 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது நூற்றுக்குப் பதின்மூன்று பங்குதான்! வேலியே பயிரை மேய்ந்திருந்தது. அதன் பின், எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பப்பட்டது என்பதை அரசு செய்தித்தாள்களிலே வெளியிட்டது. பள்ளிச் சுவரிலும் எழுதி ஒட்டச் சொன்னது. "எங்கள் பிள்ளைகளுக்கு வந்த பணம் எங்கே?" என்று பெற்றோர் கேட்க வழி பிறந்தது. 2001இல் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் பள்ளிகளை அடைந்தது. நிர்வாகச் சீர்திருத்தங்களும் இதற்குத் துணைநின்றன என்பது உண்மை. உகாண்டாவிலே ஊழல் ஒழிந்துவிட்டது என்றும் நாம் சொல்லவில்லை. 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் அதற்குக் கிடைத்தது 26 மதிப்பெண்தான். ஆயினும், பட்டியலின் கண்ணுக்குத் தெரியாத வெற்றி ஒன்றை அந்தப் பள்ளிச் சுவர் காட்டிற்று.

தோழர்களே! மேடையேறி ஊழலைப் பற்றிப் பேசுமுன் இந்த மூன்று கேள்விகளை மனத்தில் கொள்ளுங்கள். ஒதுக்கிய பணத்தில் ஏழையின் வாசலுக்கு வந்தது எவ்வளவு? வாங்கியவனோடு கொடுத்தவனும் தண்டிக்கப்பட்டானா? கடல் கடந்த பணம் வீடு திரும்பிற்றா? இவற்றுக்கு விடை கிடைக்குமிடத்தில் முன்னேற்றம் உண்டு. விடை மறைக்கப்படுமிடத்தில் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தாலும் முன்னேற்றம் இல்லை.

ஊழல் இருட்டிலே வளர்வது. அதைக் கணக்குக் கேட்கும் குரல் தெருவிலே பிறப்பது. ஆப்பிரிக்காவின் மக்கள் அந்தக் குரலை எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். மரக்கால் மக்கள் கைக்கு வரட்டும். அளவு தானே நேராகும்!