தாமிரமும் ஒளியிழையும்

ஒரு பொருளை விட்டு மற்றொன்றைக் கைக்கொள்ளுங்கால், புதியது தரப்போவதை எண்ணுவோர் பலர். பழையது இதுகாறும் செய்துவந்ததை எண்ணுவோர் சிலரே. வர்த்தக ஸ்தாபனங்கள் தங்கள் தாமிரக் கம்பிகளை நீக்கி ஒளியிழைகளை அமைத்துவரும் இக்காலத்தில் இவ்வுண்மை நன்கு விளங்குகின்றது. இம்மாற்றம் வேண்டத்தக்கதே என்பது நமது துணிபு. ஆயினும் அது செய்யப்பெறும் முறையைப்பற்றி நாம் சில சொல்ல விரும்புகின்றோம்.

ஒளியிழையாவது தலைமயிரையொத்த நுண்ணிய கண்ணாடி நூலேயாம். நெடுந்தூரம் செல்லும் இழையில், ஒளி ஓடும் உட்பகுதி ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கினும் குறுகியது. அதனைச் சூழ்ந்துள்ள கண்ணாடி ஒளிவிலகல் எண்ணிற் சிறிது குறைந்ததாதலின், உட்சென்ற ஒளி வெளியே சிந்தாது முன்னேறுகின்றது. பௌதிக வகுப்பில் நாம் யாவரும் படித்த முழு அகப் பிரதிபலிப்பு விதியே இதற்கு ஆதாரம். கண்ணாடியிற் கலந்துள்ள அழுக்கே ஒளியை விழுங்குகின்றதென்றும், அதனை நீக்கிவிடின் இழைவழியே தூரதேசங்களுக்குச் செய்தி அனுப்பலாமென்றும் 1966-ல் இங்கிலாந்தின் ஹார்லோ நகர ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் எடுத்துக்காட்டினர். ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றிலொரு பங்கு ஒளி எஞ்சினாலே போதும் என்பது அவர்கள் வேண்டிய அளவு. 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனியார் அவ்வளவை எட்டினர். இன்றைய நல்ல இழையிலோ அத்தூரத்தின்பின் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு எஞ்சுகின்றது. காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது.

வர்த்தக நிலையங்களுக்கு இதனால் விளையும் நன்மை பெரிது. கணினிகளை இணைக்கும் முறுக்கிய தாமிரக் கம்பியைச் சாதாரணமாக 100 மீட்டருக்கு மேல் நீட்டுவதில்லை. ஒளியிழையோ பல கிலோமீட்டர் செல்லும். பெரிய மோட்டார்கள் சுழலும் தொழிற்சாலையில் தாமிரத்தில் ஏறும் மின் இரைச்சல் கண்ணாடியில் ஏறாது. இரு கட்டிடங்களுக்கிடையே தாமிரம் ஓடுமாயின், அருகில் விழும் இடியின் மின்வேகம் அதன்வழியே உட்புகுந்து கருவிகளை எரித்துவிடவுங் கூடும். மின்சாரத்தைக் கடத்தாத கண்ணாடிக்கு அவ்வச்சமில்லை.

ஆனால், மின்சாரத்தைக் கடத்தாமையாகிய அக்குணமே அதன் குறையுமாம். பழைய டெலிபோன் கம்பி பேச்சை மட்டும் சுமந்துவரவில்லை; கருவியை இயக்குதற்குரிய மின்சாரத்தையும், சுமார் 50 வோல்ட் அழுத்தத்தில், தானே கொண்டுவந்தது. எக்ஸ்சேஞ்சில் இருந்த பாட்டரிகள் அதனை ஊட்டின. ஊர் முழுதும் விளக்கணைந்த இரவிலும் டெலிபோன் மணி அடித்ததன் காரணம் இதுவே. இவ்வுபகாரத்திற்கென எவரும் தனியே பணம் கொடுத்ததில்லை. ஆதலால் அதனை எவரும் கணக்கில் வைத்ததுமில்லை.

கணக்கில் வையாததன் பயனைப் பிரிட்டன் கண்டது. அந்நாட்டினர் ஒளியிழைக்கு மாறுவதோடு, தாமிரத்தில் ஓடிய பழைய தொலைபேசி முறையையும் 2025 டிசம்பருக்குள் நிறுத்திவிடக் கருதினர். உதிரி உறுப்புகளும் கிடைத்தற்கரியனவாகிவிட்ட அப்பழைய யந்திரங்களை நிறுத்தக் கருதியதிற் குற்றமில்லை. ஆனால் 2021 நவம்பரில் ஆர்வென் என்னும் புயல் வீசி, ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் பல வீடுகள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. 2022 மார்ச்சில் பி.டி. கம்பெனியார் வீடுகளில் தாம் செய்துவந்த மாற்றத்தை நிறுத்திவைத்தனர். பின்னர், தனித்து வாழும் முதியோர் ஆபத்துக் காலத்தில் அழுத்தும் எச்சரிக்கைக் கருவிகள், இணைப்பு மாறியபின் வேலை செய்யாமற்போன செய்திகள் வெளிவந்தன. 2023 டிசம்பரில் கம்பெனியார் பலர் அரசாங்கத்தாரோடு ஓர் உடன்பாடு செய்து, கட்டாய மாற்றத்தை நிறுத்தினர். 2024-ல், கெடு 2027 ஜனவரி இறுதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. முன்னமே எண்ணியிருந்தால் இத்துன்பம் நேர்ந்திராதன்றோ?

கைத்தொலைபேசி இருக்கையில் இக்கவலை ஏன் எனச் சிலர் கேட்கலாம். அதன் கோபுரமும் மின்சாரத்தாலேயே நிற்பது. நெடுநேர மின்தடையில் அதுவும் ஓய்ந்துவிடும். கம்பித் தொலைபேசியையே நம்பியிருப்போர்க்கு மின்தடையிலும் குறைந்தது 1 மணி நேரம் ஆபத்து அழைப்புக்கு வழிசெய்ய வேண்டுமெனப் பிரிட்டனில் விதித்துள்ளனர். நாட்கணக்கில் நீடித்த புயலிருளுக்கு முன் 1 மணி நேரம் எம்மாத்திரம்?

ஆதலின் நமது அபிப்பிராயம் இதுவாகும். கட்டிடத்திற்குக் கட்டிடமும், மாடிக்கு மாடியும் ஒளியிழையே செல்லுக. மேசையருகிலும் கூரையிலும் உள்ள தொலைபேசிக்கும் காவற் காமிராவுக்கும் செய்தியோடு மின்சாரத்தையும் ஒரே கம்பியில் ஊட்டும் தாமிரத்தை, அங்கே பயனுள்ளவரை விட்டுவைக்க. பழைய இணைப்பைத் துண்டிக்குமுன், அதில் தொங்குவன யாவை எனப் பட்டியல் எழுதுக. தீ எச்சரிக்கை மணி, களவு மணி, லிப்டினுள் இருக்கும் ஆபத்துத் தொலைபேசி, கடையில் பணம் பெறும் கருவி ஆகியவை பலகாலும் அதிகாரிகள் கண்ணில் படாமல் அக்கம்பியிலேயே இணைந்திருக்கும். எக்ஸ்சேஞ்சு சுமந்த பாட்டரிப் பொறுப்பு இனித் தம் தலைமேலதென ஸ்தாபனத்தார் உணர்ந்து, அதற்குரிய செலவை முதலிலேயே ஒதுக்குக. வேலை முடிந்தபின் ஒருநாள் வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தி, எது பேசுகின்றது, எது ஊமையாகின்றது எனச் சோதித்துப் பார்க்க.

இக்கல்லூரி மாணவருட் சிலர் நாளை இத்தகைய வேலைகளுக்கு உத்தரவிடும் பதவிகளில் அமர்வர். அன்று அவர்முன் வைக்கப்படும் காகிதத்தில் வேகத்தின் அளவும் விலையும் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். லிப்டினுள் இருளில் அகப்பட்டு நிற்பவன் அக்காகிதத்தில் இரான். அவனையும் நினைந்தபின் கையெழுத்திடுவாராக.